அரிசி டின்னும் ஆறு பிஸ்கட்டும்

அறுபத்தாறாவது வயதில், வாழ்க்கையிலேயே முதன்முறையாக அவர் ஓர் உறுதியான தீர்மானம் எடுத்தார். எக்காரணம் கொண்டும் உடம்பில் பலம் வந்துவிடக் கூடாது.

காரணம் இருந்தது. மனைவி தன் அக்காவோடு பத்து நாள் சுற்றுலா போகத் துடித்துக்கொண்டிருந்தாள். குறுக்கே நின்றவை இவருடைய கால்கள். சரியாகச் சொன்னால், நிற்காத கால்கள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தானாக எழுந்திருக்க வராது. "இந்தா, கையைக் குடு" என்பார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல இழுத்து நிறுத்துவாள். ஒரு நாளைக்குப் பதினான்கு முறை. இதில் கால்வாசி முழங்கால், முக்கால்வாசி சோம்பல். ஆனால் அவளுக்கு அது தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

மருத்துவமனையில் இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் வினையைக் கிளப்பினாள்.

"சார், மூணு மாசம் எடை தூக்கிப் பயிற்சி பண்ணுங்க. எந்த வயசுலயும் தசைக்குப் பலம் வரும். வாரா வாரம் எடையைக் கொஞ்சம் கூட்டணும், அவ்வளவுதான். அப்புறம் கையை ஊன்றாம அரை நிமிஷத்துல எத்தனை தடவை எழுந்து உட்கார்றீங்கன்னு பார்ப்போம். பன்னிரண்டு வந்துட்டா மேடம் தாராளமா ஊருக்குப் போகலாம்."

அந்தத் 'தாராளமா' அவர் காதில் ஈயமாக இறங்கியது. பத்து நாள் யார் காபி போடுவது?

ஒரு ஜோடி இரும்பு எடைகள் வீட்டுக்கு வந்தன. மின்விசிறிக் காற்றில் செய்தித்தாள் பறக்காமல் இருக்க மிகவும் உதவின.

"என்னங்க, ஒரு பத்து தடவை தூக்குங்களேன்."

"தூக்கினா தோள் இறங்கிடும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"தோளே சொல்லுது."

"அப்ப காலையாவது நீட்டி மடக்குங்க."

"அது தோளு சொல்றதைத்தான் கேக்குது."

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையிலிருந்து பிஸ்கட் டப்பா காணாமல் போனது. "இனிமே ஒரு நாளைக்கு ரெண்டுதான்" என்று அறிவிப்பு. அவள் குளிக்கப் போனதும், நாற்காலியின் கைகளை ஊன்றி உந்தி எழுந்தார். பிஸ்கட் விஷயத்தில் கால்கள் ஒத்துழைத்தன. தேடினார். சமையலறை அலமாரியின் அடித்தட்டில், ஒரு அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது டப்பா.

சிரிப்புதான் வந்தது. முப்பத்தைந்து வருஷம் கம்பெனிக் கிடங்கைக் கட்டி ஆண்டவரிடமா ஒளித்து விளையாடுகிறாள்? குந்தி உட்கார்ந்தார். டின்னை அணைத்துத் தூக்கி மேடையில் வைத்தார். இரண்டு பிஸ்கட். மறுபடி டின்னை இருந்த இடத்திலேயே, ஒட்டியிருந்த தாள் முன்பக்கம் தெரியும்படி வைத்தார். எடுத்ததற்குத் துப்பே கிடையாது.

அன்றிலிருந்து தினம் மூன்று நடை. அவளும் வெகுளி, சொல்லிவிட்டே போவாள். "நான் மாடிக்குத் துணி காயப்போடப் போறேன்! வர இருபது நிமிஷம் ஆகும்!" தெருவுக்கே கேட்கும்.

வாரங்கள் போகப் போக டின் கனத்தது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. பலம் குறைகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தினமும் உலை வைக்கிற வீட்டில் அரிசி ஏன் கரையாமல் ஏறுகிறது என்று அந்தக் கிடங்கு மூளைக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"நாளுக்கு நாள் தளர்ந்துட்டே போறேன்" என்றார் பரிதாபமாக.

"அடடா" என்று அவள் ஒரு விரலை மட்டும் நீட்டினாள். அதைப் பிடித்தே எழுந்துவிட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. மருத்துவமனையில் நாற்காலியைப் போட்டு, கடிகாரத்தைப் பிடித்தாள் பிசியோதெரபிஸ்ட். அவர் முனகினார், முகத்தைச் சுளித்தார், கண்ணை மூடினார். மொத்தம் நான்கு.

"பயிற்சி பண்ணலையா சார்?"

"பண்ணாம இருப்பேனாம்மா? உடம்பு ஏத்துக்கலை."

"அப்ப தனியா விடறது கஷ்டம்தான் மேடம்" என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவருக்கு உள்ளுக்குள் காபி மணத்தது.

மனைவி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பாருங்கம்மா." பிசியோதெரபிஸ்ட் வாங்கிப் படித்தாள்.

"முதல் வாரம் ரெண்டு கிலோ, தினம் மூணு தடவை. ரெண்டாவது வாரம் மூணு கிலோ... பன்னிரண்டாவது வாரம் பதிமூணு கிலோவா? என்ன மேடம் இது?"

"அரிசி டின். வாரா வாரம் ஒரு கிலோ போட்டேன். சமையலுக்கு வேற டின் வச்சிருக்கேன். இதுக்கு அடியில பிஸ்கட். எண்ணித்தான் வைக்கிறேன், தினம் ஆறு குறையுது."

"எலியா இருக்கும்" என்றார் அவர்.

"ஆமாமா. பதிமூணு கிலோ டின்னை இறக்கி வச்சு, பிஸ்கட் எடுத்து, டப்பாவை மூடி, டின்னைத் திரும்ப ஏத்தி வச்சிட்டுப் போற எலி."

பிசியோதெரபிஸ்ட் இருமலை வரவழைத்துக்கொண்டாள். "நிஜமாவே பதிமூணு கிலோவா சார்? இங்க வர்ற உங்க வயசுக்காரங்க யாருமே அவ்வளவு தூக்கினதில்லை."

"யாருமேவா?"

"யாருமே இல்லை."

மனிதர் அங்கே சறுக்கினார். மார்பின் மேல் கைகளைக் கட்டிக்கொண்டார். "கடிகாரத்தைப் பாரும்மா" என்றார். எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். பன்னிரண்டில் நிறுத்தியிருக்கலாம். காத்திருந்த கூட்டம் எட்டிப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்ததால் வேகம் கூடிவிட்டது. பதினெட்டு.

மூச்சு வாங்கிக்கொண்டே, பார்த்தாயா என்கிற தோரணையில் மனைவி பக்கம் திரும்பினார். அவள் ஃபோனில் இருந்தாள்.

"அக்கா, பத்து நாள் வேணாம். பன்னிரண்டு தடவை எழுந்தா போதும்னாங்க, மனுஷன் பதினெட்டு எழுந்திருக்கார். பதினெட்டு நாளாவே போட்டுடு."