தலை குனிந்த கந்தருவன்

"இஞ்சாருங்கோ, சம்மனசின்ரை செட்டை கழண்டு விழுந்திட்டுது!"

இறக்கை விழுந்ததைவிட மனைவி சொன்ன சொல்தான் மயில்வாகனத்தாரைச் சுட்டது.

"சம்மனசு வேதக்காரற்றை தேவதூதன். இது கந்தருவன். எத்தினை தரம் சொல்லுறது?"

"ஆரெண்டாலும் இப்ப ஒரு செட்டைதான்," என்றாள் அன்னபாக்கியம்.

மாங்குளத்தில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒரு விளக்கு இல்லை. பொன்முலாம் பூசிய மரச்சிலை, தலை குனிந்து, கையில் விளக்குக் கிண்ணம் ஏந்திச் சுவரில் நின்றது. வெள்ளைக்காரத் தேசாதிபதி அவருடைய பூட்டனாருக்குத் தன் கையாலேயே கொடுத்தது. அந்த வெளிச்சத்தில்தான் குடும்பத்துச் சம்பந்தங்கள் எல்லாம் பேசி முடிந்தன. இன்று பின்னேரம் மகள் கமலாசனியைப் பார்க்கக் கிளிநொச்சியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் கதிர்காமநாதன் வீட்டார் வருகிறார்கள். அந்த விளக்கு எரியாமல் சம்பந்தம் பேசுவதா?

கறையான் அரித்த இறக்கையைப் பலாப்பால் வைத்து ஒட்டினார். ஒட்டிய இடம் கறுப்பாகத் தெரிந்தது. அதை மறைக்கப் பொன் வர்ணம் பூசினார். இறக்கை மட்டும் புதுத் தகரம்போல மின்னியது. அதை மறைக்கப் பெரிய மாலை ஒன்றைப் போட்டார். கையோடு சிலையின் நெற்றி நிறைய விபூதியும் பூசினார்.

"இப்ப ஆர் சம்மனசெண்டு சொல்லுவினம்?"

"திருநீறு பூசின சம்மனசெண்டு சொல்லுவினம்."

பொழுதுபட வந்தவர்கள் கதிரைகளில் அமர்ந்தார்கள். மயில்வாகனத்தார் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"தேசாதிபதி தந்தது. பாருங்கோ, எங்கடை பூட்டனாருக்கு முன்னாலை அதுகூடத் தலை குனிஞ்சு நிக்குது."

கதிர்காமநாதன் நிமிர்ந்து பார்த்தார். உடனே பார்வையை நிலத்துக்கு இறக்கிக்கொண்டார்.

"அப்பா, மாலை பத்துது!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் கமலாசனி.

மயில்வாகனத்தார் செம்புத் தண்ணீரை வீசினார். நெருப்பு அணைந்தது. விபூதி கரைந்து கன்னத்தில் வடிந்தது. இறக்கை கழன்று பயத்தம் பணியாரத் தட்டத்தில் விழுந்தது.

மகளின் கலியாணம் அந்தத் தட்டத்திலேயே கிடந்தது. ஆனாலும் அவர் முதுகு வளையவில்லை.

"மரத்திலைதான் பழுது. குடும்பத்திலை ஒரு பழுதும் இல்லை."

கதிர்காமநாதனின் தமக்கை நாகேஸ்வரி எழுந்து வந்தார். இறக்கையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து அவர் கையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யோசியாதேங்கோ தம்பி, இதின்ரை சோடி எங்கடை வீட்டிலை நிக்குது, தேசாதிபதி தந்ததெண்டுதான் நாங்களும் சொல்லுறனாங்கள். வெள்ளைக்காரன்ரை பிரேத வண்டிலுக்கு ரண்டு பக்கமும் ஒவ்வொண்டு வேணுமெல்லோ?"