தேவபிரசாதம் சைக்கிள் துடைக்கிறார்

சைக்கிள் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஓட்டுகிறவர்கள், துடைக்கிறவர்கள். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; ஏறினார்கள், மிதித்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் ரகத்தை நீங்கள் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, அதன் அடிவயிற்றையே உற்றுப் பார்த்தபடி குத்தவைத்திருப்பார். வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுங்கள். "நல்லாருக்கியளா?" என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

தூத்துக்குடியில் இந்த இனத்தின் தலைவர் தேவபிரசாதம். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. ஏதோ ஒரு கப்பலில் கழித்துப்போட்ட தட்டுமுட்டுச் சாமான்களோடு கரைக்கு வந்த பழைய சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். பேர் இருந்த இடத்தில் மூன்று பூச்சு பெயிண்ட். வேறு யாராவது என்றால் காற்றடித்து ஓட்டியிருப்பார்கள். தேவபிரசாதத்துக்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. இது யார், எந்த ஊர், எந்த வருசம் பிறந்தது? அது தெரியாமல் எப்படி ஏறி உட்காருவது? பெண் பார்க்கப் போனபோதுகூட மனுசர் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

பெடலுக்கு அடியில் துரு சுரண்டியபோது ஒரு நம்பர் தெரிந்தது. கடைசியில் எண்பத்தேழு. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருசத்து ஜப்பான்!" என்று அறிவித்தார். மறுநாள் வெயிலில் பார்த்தால் அது எண்பத்தொன்று மாதிரி இருந்தது; சைக்கிள் தைவானுக்குக் குடிபெயர்ந்தது. பக்கத்து வீட்டுச் செந்தூர்வேலுவைக் கூப்பிட்டு, பிரேம் கம்பியைச் சாவியால் தட்டிக் காட்டினார்.

"ஏலே, சத்தத்தக் கேளு. அசல் ஸ்டீலு. இது ஹைப்ரிட் தெரியுமா?"

"ஹைப்ரிட்னா நான் தக்காளியிலதான் கேட்டிருக்கேன் அண்ணாச்சி."

"மலையேறுத சைக்கிளும் இல்ல, ரேஸ் சைக்கிளும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல."

"ரெண்டும் இல்லேங்கிய. அப்போ ஓடுமா, ஓடாதா?"

பதில் சொல்லத் தகுந்த கேள்வியா அது? தேவபிரசாதம் துணியை எடுத்துக்கொண்டார்.

ஸ்டீல் என்றால் துருவுக்குப் பயப்பட வேண்டும், தூத்துக்குடி என்றால் உப்புக் காற்றுக்குப் பயப்பட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் அந்த மனுசருக்குத் தூக்கம் எங்கே வரும்? காலையில் துடைப்பார், சாயங்காலம் துடைப்பார், கடலிலிருந்து கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் ஆபீசிலிருந்து போன் போட்டு, "ஜெனி, சைக்கிள் மேல ஒரு போர்வையப் போடு" என்பார். துடைத்து முடித்ததும் தேங்காய் எண்ணெய். பிரேமுக்கு எண்ணெய், ஹேண்டில்பாருக்கு எண்ணெய், இரண்டு சக்கரத்தின் ரிம்முக்கும் நல்ல வழவழவென்று எண்ணெய். ரிம்மில்தான் பிரேக் கட்டை பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஓட்டாத சைக்கிளுக்குப் பிரேக் எதற்கு?

போர்ட்டிகோவை அந்தச் சைக்கிள் பிடித்துக்கொள்ள, மனைவி ஜெனிலாவின் ஸ்கூட்டர் தெருவில் நின்று வெயிலில் காய்ந்தது. ஒருநாள் அவள் பொறுமை தீர்ந்தது.

"வார ஞாயித்துக்கெழம இத ஓட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வாரிய. இல்லேன்னா திங்கக்கெழம பழைய இரும்புக்காரன் வருவான். சொல்லிட்டேன்."

ஜெனிலா சொன்னால் சொன்னதுதான். ஞாயிறு காலையில் தேவபிரசாதம் வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளுக்குக் கடைசியாக ஒரு கை எண்ணெய் தடவி, ஏறி உட்கார்ந்தார்.

அடடா, என்ன சுகம்! மேடு பள்ளம் தெரியவில்லை. சங்கிலிச் சத்தம்கூட இல்லை. இத்தனை நாளாக இதையா கவிழ்த்துப்போட்டு வைத்திருந்தோம் என்று அவருக்கே கண் கலங்கியது. மேம்பாலத்தில் மூச்சுவாங்காமல் ஏறினார். இறக்கத்தில்தான் சிலுவைக் கோபுரத்தோடு கோயில். வாசலில் ஜெனிலா, செந்தூர்வேலு, ஆராதனைக்கு வந்த பாதி ஊர். செந்தூர்வேலுவுக்குக் கோயிலில் என்ன வேலை என்கிறீர்களா? வேடிக்கை பார்க்க வந்தவன். தேவபிரசாதம் கம்பீரமாகப் பிரேக்கைப் பிடித்தார்.

சைக்கிள் கம்பீரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"எங்க போறிய?" என்று ஜெனிலா கத்தினாள்.

"நிக்க மாட்டேங்கு ஏளா!"

எதிரே உப்பு லாரி. மனுசர் ஹேண்டிலை ஒடித்தார். ரோட்டோர வரப்பில் ஏறி, சறுக்கி, சைக்கிளும் அவருமாக உப்பளப் பாத்திக்குள் தொபுக்கடீர்! முழங்கால் சிராய்ப்பில் உப்புத்தண்ணீர் பட்டு உயிர் போகிறது. அவரோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலறுகிறார்.

"கால் கெடக்கட்டும்! நல்ல தண்ணி கொண்டாங்க, உப்பு உள்ள எறங்குது!"

ஜெனிலா அவர் காலையும் பார்க்கவில்லை, சைக்கிளையும் பார்க்கவில்லை. "கோயிலுக்கு வரச் சொன்னேன். கோயிலத் தாண்டிப் போகச் சொல்லல. நாளைக்கு இரும்புக்காரன் வருவான்."

வந்தான். லிங்கராஜ் என்று பேர். போர்ட்டிகோவில் காகிதம் விரித்து, சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப்போட்டு, அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தார் தேவபிரசாதம். லிங்கராஜ் தொழில் வழக்கப்படி இடுப்பிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப் பிரேமில் வைத்தான். சடக்கென்று ஒட்டியது.

"அலுமினியம்னு நெனச்சேன். இரும்பா? இவ்வளவு லேசா இருக்கே!" என்று பிரேமை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான்.

தேவபிரசாதத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "முன்சக்கரத்தப் பிடிக்கிற முள்ளுக் கம்பியில வச்சுப் பாருங்க. அங்கனயும் ஒட்டும்."

அங்கேயும் ஒட்டியது. லிங்கராஜ் சாக்கைக் கீழே போட்டான். "எந்த ஊரு சரக்கு அண்ணாச்சி இது? அடியில நம்பர் எதுவும் இருக்கா?"

ஜெனிலா வெளியே வந்தபோது இரண்டு பேர் குத்தவைத்துத் துரு சுரண்டிக்கொண்டிருந்தார்கள். "எண்பத்தேழுதான்" என்றான் லிங்கராஜ். ஜெனிலா இரண்டு காபியை வைத்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

இது தொற்றுநோய் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். சிரித்துக்கொண்டே வாசித்தீர்கள், சந்தோசம். ஆனால் ரிம்மில் எண்ணெய் என்றதும் உங்களுக்குப் பதறியதா, இல்லையா? "உப்புத்தண்ணி பட்டா பேரிங்கை உடனே மாத்தணுமே" என்று மனசு அடித்துக்கொண்டதா? கடைசி இரண்டு எண்ணை வைத்து எவனாவது வருசத்தைச் சொல்வானா என்று என்மேல் கோபம்கூட வந்திருக்குமே?

அப்படியானால் உங்கள் வீட்டம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். பாவம், அவர்களிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேச வேண்டும்.