பின்சீட்டு காலியில்லை

இந்த இலங்கை மலைநாட்டில் பெரிய துரையைப் பெட்ரோல் டாங்கியின் மேல் குந்தவைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டிய மனிதர் ஒருவர்தான். அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. லிந்துலைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் டுப்டுப் ஐயா.

நான் அப்போது அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். கல்யாணமாகாத கட்டை. அவர் வீட்டுக்கு அடுத்த குவாட்டர்ஸ் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்கு மழையில் நடந்து போவேன். பின்னாலிருந்து டுப்டுப் என்று சத்தம் வரும். பக்கத்தில் வந்து நிற்கும். பின்சீட்டில் பூப்போட்ட குஷன் ஒன்று ஜம்மென்று, காலியாக இருக்கும். நான் ஆசையோடு காலைத் தூக்குவேன்.

"அங்க இல்ல தம்பி. டாங்கியில ஏறுங்க."

"பின்னாடி சீட்டு சும்மாதானே ஐயா கெடக்குது?"

"ஆரு சொன்னா சும்மா கெடக்குதுன்னு? அது வீட்டுக்காரம்மா சீட்டு."

வீட்டுக்காரம்மா வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோட்டுப் போட்ட கிளாக்கர் டாங்கியில் குந்திக்கொண்டு போவதாவது! நான் என்ன பால்குடிப் பிள்ளையா? "நான் நடந்தே வர்றேனுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் பாட்டுக்குப் போய்விடுவார். நான் தொப்பலாக நனைந்தபடி, கடைவீதி வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போவேன்.

சங்கதி இதுதான். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய காலத்தில் எங்கள் சின்னத்துரை ஊருக்குக் கப்பலேறினார். அவருடைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை டுப்டுப் ஐயா வாங்கிவிட்டார். கறுப்பு உடம்பு, டாங்கியில் வெள்ளிக் கோடு. நிறுத்தி வைத்திருந்தாலும் எங்கேயோ புறப்பட்டுவிட்ட மாதிரி இருக்கும். வீட்டு முன்னால் கொண்டுவந்து, விளக்குக்குக் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "மொதல்ல நீதான் ஏறணும், வா புள்ள" என்று மனைவியைக் கூப்பிட்டார். அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டு தொழிலாளர் லயத்துச் சனம் மொத்தமும் முற்றத்தில் கூடிவிட்டது. அக்கா, நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், வாசற்படியைத் தாண்டவில்லை.

"இம்புட்டுச் சனம் பாக்கையில ஏறவா? மானம் போயிரும்ங்க!"

"அப்ப எப்பத்தான் ஏறுவ?"

"ஒருத்தரும் பாக்காதப்ப ஏறுறேன்."

மனுசன் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறும்வரை அந்தச் சீட்டில் ஈ, காக்கைகூட உட்காரக் கூடாது. மழை பெய்தால் குஷனைக் கழற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வார். இவர் நனைவார், குஷன் நனையாது. ஆனால் அந்த வண்டியை ஓர் உதை உதைத்தால் போதும், மூன்று மலைக்குக் கேட்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருவரும் பார்க்காத நேரம் என்று ஒன்று அந்த வண்டிக்கு வாய்க்கவேயில்லை.

அவர் சும்மா இருந்தாரா? ஒருநாள் விடியுமுன்பே அக்காவைத் தலைசீவிக் கிளம்பச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். தப்பு அடித்து ஆட்களைப் பேர் பதியும் பெரட்டுக்குக் கூப்பிடுமுன்பே லயங்கள் எழுந்துவிட்டன. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, பேர் விழாது என்று ஆணும் பெண்ணும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருட்டில் ஓடிவந்தார்கள். கங்காணி பல் விளக்கிய கரியோடு வந்து நின்றார். அக்கா கதவைத் திறந்து பார்த்தார், மூடிக்கொண்டார்.

இன்னொரு நாள் சைலன்சரில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினார். தனியாக ஓட்டிப் பார்த்தபோது சத்தம் குறையத்தான் செய்தது. வளைவு திரும்புவதற்குள் சாக்குக் காய்ந்து, புகைந்து, பற்றிக்கொண்டது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்ற பெண்கள் குடத்தோடு ஓடிவந்து அணைத்தார்கள். அணைத்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று நின்று சாவகாசமாக வேடிக்கை பார்த்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவ ஏறிட்டா என்னங்க அக்கா? மனுசன் ஏங்கிப்போறாரே" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா அப்போது குஷன் உறையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். வாராவாரம் துவைப்பார். யாரும் உட்காராத சீட்டுக்கு அப்படி ஒரு சலவை.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா தம்பி? பாழாப்போன அந்தச் சத்தந்தான். ஊரையே கூப்பிட்டுக் காட்டுதே!"

இனி துரை கதை. கொழும்பிலிருந்து மேலதிகாரி வரும் நாள் பார்த்துப் பெரிய துரையின் கார் பாதி மலையில் படுத்துவிட்டது. மழை. துரை தொப்பியோடு ரோட்டில் நிற்கிறார். டுப்டுப் ஐயா வந்து நிறுத்தினார். துரை பின்சீட்டுப் பக்கம் காலைத் தூக்கினார்.

"நோ சார். வைஃப் சீட்."

"எங்க ஒம் பொஞ்சாதி?"

"வீட்ல இருக்குதுங்க."

துரை பார்த்தார். மழையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். டாங்கியில் ஏறி உட்கார்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம் அவர். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நிற்க, தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு போன அந்தக் கோலத்தை மலை முழுக்கப் பார்த்தது. சிரிக்கப் பயந்து பெண்கள் தேயிலைச் செடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். என் ஆறுதல் எனக்கு!

மறுநாள் துரை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே எல்லாரும் நினைத்தோம். நான் பேனாவைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"டீமேக்கர், ஒம் பொஞ்சாதி ஏறிச்சா?"

"இன்னும் இல்லீங்க தொரை. ஒருத்தரும் பாக்காதப்ப ஏறுறேன்னு சொல்லுதுங்க."

துரை ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தார். "நம்ம தொரசானி இங்கிலாந்துல இருக்குது, கப்பல் ஏற மாட்டேன் சொல்லுது. இங்க மழை, அட்டை. புடிக்காது சொல்லுது." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "போ, டீமேக்கர். அந்த சீட் வச்சிக்கோ."

அந்தத் துரையும் போனார். வருசங்கள் ஓடின. இங்கிலாந்திலிருந்து உதிரிப்பாகம் வருவது நின்றது. டுப்டுப் ஐயா தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இரும்பையெல்லாம் அராவி அராவி வண்டிக்குள் வைத்துப் பார்த்தார். டுப்டுப் என்றது டுப் ஆயிற்று. பிறகு அதுவும் இல்லை. உதைத்து உதைத்து அவர் கால்தான் வீங்கியது. கடைசியில் லிந்துலை கடைவீதியில் பழைய இரும்பு வாங்கும் முஸ்லிம் நானா ஒருவர் கேட்டபோது, சரி என்றுவிட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அக்கா என்னிடம் சொன்னார். "வண்டி போறதுக்கு இல்ல தம்பி. நான் ஏறாமலே போகுதேன்னு" என்றபடி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை டுப்டுப் ஐயா வண்டியை வெளியே உருட்டினார். லிந்துலை வரைக்கும் ஒரே இறக்கம். எஞ்சின் இல்லாமலே போய்ச் சேரலாம். குஷனைக் கழற்றப் போனார்.

"இருங்க, அதக் கழட்டாதீங்க."

அக்கா படியில் நின்றார். கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் அரக்குச் சேலை, கையில் குடை. படியிறங்கி வந்தார். பின்சீட்டில் பக்கவாட்டாக ஏறி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இப்பத்தான் சத்தமில்லையே. ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. போங்க."

டுப்டுப் ஐயா முன்னால் ஏறினார். பிரேக்கை விட்டார். வண்டி பூனை மாதிரி இறங்கியது. மலைச்சரிவில் பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூடத் திரும்பவில்லை. அத்தனை வருசம் காத்திருந்த அந்த நேரம், ஒருவரும் பார்க்காத நேரம், வந்தேவிட்டது. நான் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் வளைவு வரைக்கும்தான் அந்த மனுசனால் தாங்க முடிந்தது.

"டுப்! டுப்! டுப்! டுப்!"

தொண்டை கிழிய, வாயாலேயே! மலை முழுக்க நிமிர்ந்தது. அத்தனை கூடையும் திரும்பியது. எவளோ ஒருத்தி குலவை போட்டாள். அடுத்த மலை அதை வாங்கிப் போட்டது. "ஐயோ, வாய மூடுங்க! வாய மூடுங்கங்கிறேன்!" என்று அக்கா குடையால் அவர் முதுகில் சாத்துவது எனக்குக் கேட்டது. சிரிப்பும் கேட்டது. இறங்கவில்லை. கண்ணுக்கு மறையும் வரை அக்கா இறங்கவேயில்லை.

சாயந்தரம் குறுக்குப் பாதையில் இருவரும் ஏறி வந்தார்கள். வண்டி இல்லை. டுப்டுப் ஐயா கக்கத்தில் குஷன் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய்விட்டார்கள். குஷனும் பெட்டிக்குள் போயிற்று.

இப்போது நானும் ஒரு வண்டி வைத்திருக்கிறேன். ஜப்பான்காரன் செய்தது. ஒரே உதையில் கிளம்பும், தையல் மெஷின் மாதிரி ஓடும். கொழுந்து பறிப்பவர்கள் தலையைத் தூக்குவதுகூட இல்லை. பின்சீட்டில் யார் வேண்டுமானாலும் ஏறலாம், ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் வண்டியை எடுப்பதில்லை. நடந்துதான் போகிறேன். அந்த முதல் வளைவு வந்ததும் காது தன்னால் பின்னுக்குப் போகிறது. பக்கத்தில் வந்து நிறுத்தி, "தம்பி, டாங்கியில ஏறுங்க" என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதும். மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.