செயலாளரைத் தின்ற சிறுத்தை

ஒரு காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது, ஒரு கத்தோலிக்கப் பங்கும் இருந்தது. காடு பெரிதாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே காலம் தள்ளியிருக்கும். காடு சின்னது.

பங்கு என்றால் ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும். இதற்கு வனத்து அந்தோனியார் பங்கு என்று பெயர். பங்குச் சாமியார் ஒரு யானை. அவருடைய வெள்ளை அங்கிக்குத் துணி எடுத்த வருடம் காட்டில் வேறு யாருக்கும் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கிடையாது. சிறுத்தைக்கு ஞானஸ்நானப் பெயர் செபஸ்தியான். அம்பு தைத்த அந்தப் புனிதரின் தழும்பு மாதிரி உடம்பெல்லாம் புள்ளி இருந்ததால் வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை. நல்ல பக்திமான். ஞாயிறு பூசைக்குத் தவற மாட்டார். கடைசி வரிசையில் முழந்தாளிட்டால் பூசை முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அன்றைக்கு யாரையும் தின்பதில்லை. கோயில் கேட்டுக்கு இந்தப்பக்கம் ஒருவர் மேலும் அவர் நகம் பட்டதில்லை. கேட்டுக்கு அந்தப்பக்கம் நடந்தது வேறு விஷயம்.

அந்தப் பங்கில் சந்தியாகு என்றொரு சருகுமான் இருந்தான். மான் சாதியிலேயே குட்டி. கொம்பு கிடையாது, குரல் கிடையாது, யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிப் பழகிய வாய். ஒரு ஞாயிறு பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவன் தோளில் புள்ளி போட்ட ஒரு கை விழுந்தது.

"சந்தியாகு, தப்பா எடுத்துக்காத. வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீதான். சனிக்கிழமையே சாமியார்ட்ட பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி வச்சிரு. சுத்தமான சாப்பாடுதான் எனக்கு ஒத்துக்கும்."

"ஆகட்டும்ணே" என்றான் சந்தியாகு. வீட்டுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் எதற்கு ஆகட்டும் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

திரும்பி ஓடிப்போய்ச் சாமியாரிடம் அழுதான். சாமியார் ஒரு தார் வாழைப்பழத்தை நடுவில் நிறுத்திவிட்டு, உண்மையாகவே மனம் வருந்தினார். பிறகு, இதைத் தான் ஒருவராக முடிவுசெய்ய முடியாது, பங்கு ஆலோசனைக் குழுவில் வைக்க வேண்டும் என்றார். சிறுத்தை யானையைத் தின்பதில்லை. அதனால் அவரால் நிதானமாக யோசிக்க முடிந்தது.

பங்கு ஆலோசனைக் குழு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டுக்கு அன்பியம் என்று பெயர். அன்பியத்துக்கு ஒரு பிரதிநிதி. மாதா சபைக்கு ஒருவர், பாடற்குழுவுக்கு ஒருவர், இளையோருக்கு ஒருவர், மடத்துச் சிஸ்டர்மார்களுக்கு ஒருவர். சாமியார் தலைவர். இவர்கள் எல்லாரும் மாதம் ஒருமுறை கூடி ஆலோசனை சொல்வார்கள். ஆலோசனைதான். முடிவு சாமியாருடையது. ஆலோசனை முழுமையாக வராமல் அவர் முடிவெடுக்க மாட்டார், அவர் முடிவெடுக்காததால் இவர்கள் மறுபடி ஆலோசிப்பார்கள். இப்படித்தான் மணிக்கூண்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்பது ஒன்பது வருடமாக ஆலோசனையில் இருந்தது. நடுவில் மணிக்கூண்டு விழுந்துவிட்டது. நிறம் இன்னும் முடிவாகவில்லை.

துணைத்தலைவர் மிக்கேல்பிச்சை என்கிற முள்ளம்பன்றி. மூன்று தடவையும் போட்டியில்லாமல் வந்தவர். எதிர்த்து நிற்கிறவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்குமே, அதுதான் காரணம். சந்தியாகு அவரிடம் போனான். பொருள் நிரலில் சேர்க்க ஏழு நாளுக்கு முன்னால் எழுத்தில் தர வேண்டும், கூட்டம் வருகிற சனிக்கிழமை, ஆறு நாள்தான் இருக்கிறது, ஒரு நாள் முந்தி மிரட்டச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் வருத்தப்பட்டார். மனுவில் அன்பியப் பிரதிநிதியின் கையெழுத்தும் வேண்டுமாம். சந்தியாகுவின் அன்பியத்தில் பிரதிநிதியைச் சிறுத்தை தின்றுவிட்டிருந்தது. மற்றவர்களையும்தான். ஆகவே சந்தியாகு அன்று மாலை தனியாக அன்பியக் கூட்டம் கூட்டி, தன்னைத் தானே முன்மொழிந்து, இந்தப்பக்கம் வந்து நின்று வழிமொழிந்து, கைதட்டிப் பிரதிநிதியானான். மாதா சபைத் தலைவி மதலேனம்மாள், அவள் ஒரு காட்டுக்கோழி, வாயாடி என்றாலும் இரக்கசாலி, மனுவை 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் சொருகிவிட்டாள். பதினோராவது பொருள்.

சனிக்கிழமை கூட்டம் கூடியது. முதல் பொருள் ஜெபம். பாட்டில் நாலு சரணம் இருந்தது, நாலையும் பாடினார்கள். இரண்டாவது பொருள், சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்து ஏற்பது.

அங்கேதான் வண்டி நின்றது. குறிப்பை வாசிக்க வேண்டியவர் செயலாளர். செயலாளர் அருளப்பன் என்கிற காட்டுமுயல். போன கூட்டம் முடிந்து குறிப்பெழுதிய மினிட் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவரைச் செபஸ்தியான் கேட்டுக்கு அந்தப்பக்கம் பார்த்திருக்கிறார். புத்தகம் வேறு ஆள் வேறு என்று பிரித்துச் சாப்பிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

வேறு செயலாளரைத் தேர்ந்தெடுக்கலாமே என்றது பாடற்குழுக் குயில். தேர்வு நாலாவது பொருள், இரண்டாவது முடியாமல் நாலாவதுக்கு எப்படித் தாவுவது என்று துணைத்தலைவர் முள்ளைச் சிலிர்த்தார். தாண்டினால் என்ன என்றாள் மதலேனம்மாள். இன்றைக்குக் குறிப்பைத் தாண்டுவோம், நாளைக்குப் பத்துக் கட்டளையைத் தாண்டுவோமா என்று அவர் கேட்டார். டீ வந்தது. சுண்டல் வந்தது. வெயில் சாய்ந்தது. ஆளுக்கு இரண்டு தடவை பேசியதையே இன்னொரு தடவை பேசினார்கள். சந்தியாகு பதினோராவது பொருளையும் கதவு வழியாகத் தெரிந்த வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். விடிந்தால் ஞாயிறு.

அவன் எழுந்து நின்றான். திட்டம் எதுவும் கிடையாது. கூட்டம் நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

"அருளப்பன் செத்துட்டார்னு எங்கயாவது பதிஞ்சிருக்கா?"

பதியவில்லை. உடல் இல்லாததால் அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாததால் பதிவேட்டில் ஏற்றவில்லை என்றார் சாமியார்.

"அப்ப அவர் இன்னும் செயலாளர்தான். இப்ப எங்க இருக்கார்?"

"செபஸ்தியான் வயித்துல" என்றாள் மதலேனம்மாள்.

"மினிட் புத்தகமும் அங்கதான். அப்ப செபஸ்தியான் அண்ணன் வந்து உக்காந்தா, செயலாளர் புத்தகத்தோட வந்து உக்காந்த மாதிரிதான?"

துணைத்தலைவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். செயலாளர் எதற்குள் இருக்கக் கூடாது என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. சாமியார் காதை ஒருமுறை ஆட்டி, ஆலோசனையை ஏற்றுக்கொண்டார்.

செபஸ்தியானைக் கூப்பிட்டு வந்தார்கள். வாழ்நாளில் தன்னைப் பார்த்து ஓடுகிறவர்களையே பார்த்த சிறுத்தைக்கு, தன்னை நோக்கி வருகிறவர்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பொன்னாடை போர்த்தியபோது புள்ளிகளுக்கு நடுவே சிவந்தார். குறிப்பை வாசியுங்கள் என்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஏப்பம் விட்டார். சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது, ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று துணைத்தலைவர் அறிவித்தார். மூன்றாவது பொருளுக்குள் நுழைவதற்குள் நேரமாகிவிட்டது. மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளி, முடிவு ஜெபம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பூசை முடிந்ததும் சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டைத் தாண்டினான். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், செபஸ்தியான் ஒரு கட்டுக் காகிதத்தோடு ஓடிவருகிறார்.

"தம்பி, இன்னைக்கு முடியாது போலருக்கு. திருவிழா நோட்டீஸ் புரூஃப் பாக்கணுமாம். அடுத்த ஞாயிறு வச்சுக்கலாமா?"

"ஆகட்டும்ணே."

திருவிழா நோட்டீஸ் என்பது சும்மா இல்லை. நூற்றுப் பதினாலு பேருடைய பெயரைப் போட வேண்டும், நூற்றுப் பதினாலு பேரும் முதலில் வர வேண்டும். செபஸ்தியான் அகரவரிசையில் போட்டார்; வாத்துக் குடும்பம் சண்டைக்கு வந்தது. வயதுவரிசையில் போட்டார், மாதா சபைப் பெண்கள் ஒருவரும் வயதைச் சொல்லவில்லை. எடைவரிசையில் போட்டார்; சாமியார் பெயர் பாதிப் பக்கத்தை எடுத்துக்கொண்டது. ஞாயிறு முழுக்க நோட்டீஸ், புதன்கிழமை அன்பியக் கூட்டம், வியாழன் வழிபாட்டுத் துணைக்குழு, சனி தேர்ச் சோடனைத் துணைக்குழு. வெள்ளிக்கிழமை ஏற்கெனவே சுத்தபோசனம். மிச்சமிருந்த திங்களும் செவ்வாயும் வாட்ஸப் குழுவில் யார் கோபித்துக்கொண்டு வெளியேறினார்களோ அவர்களைச் சமாதானம் பண்ணி உள்ளே சேர்ப்பதில் போயின. யாரையாவது ஓரமாக மடக்கினால், அவர் பயப்படுவதற்குப் பதிலாக, நல்லவேளை பார்த்தேன் என்று ஒரு புகாரைத் தொடங்கிவிடுவார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் பசி போய்விடும்.

செபஸ்தியான் இளைத்தார். விலா எலும்பு தெரிந்தது. புள்ளிகள் நெருங்கி வந்து கிட்டத்தட்டக் கருஞ்சிறுத்தை ஆகிவிட்டார்.

மூன்றாம் மாதம் அவரே துணிந்து 'சந்தியாகுவை உண்பது' என்பதைப் பொருள் நிரலில் சேர்த்தார். செயலாளராயிற்றே, ஏழு நாளுக்கு முன்னாலேயே சேர்த்துவிட்டார். ஆனால் குழு பொறுப்பானது. இதை ஆழமாக ஆராய வேண்டும் என்று ஒரு துணைக்குழு போட்டது. விவரம் தெரிந்தவர் என்பதால் சந்தியாகுவையே அமைப்பாளர் ஆக்கியது. துணைக்குழு ஏழு தடவை கூடியது. கொள்கையளவில் ஆட்சேபணை இல்லை, திருவிழா முடியட்டும் என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கையைப் படியெடுத்து எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவர் செபஸ்தியான்தான்.

திருவிழா முடிந்தது. தேர் அச்சு முறிந்ததற்கு யார் காரணம் என்று விசாரிக்க இன்னொரு துணைக்குழு அமைந்த அன்று செபஸ்தியான் ராஜினாமாக் கடிதம் எழுதினார். குழுவில் வைக்க வேண்டும் என்றார் சாமியார். வைத்தார். தன்னைப் பற்றிய பொருள் பேசப்படும்போது உறுப்பினர் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. வெளியே போனார். செயலாளர் வெளியே போய்விட்டதால் குறிப்பெழுத ஆள் இல்லை, குறிப்பில்லாமல் பேச முடியாது என்று உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளே வந்தார். அவர் இருக்கும்போது பேச முடியாது என்றார்கள். வெளியே போனார். கூப்பிட்டார்கள். வந்தார். நாலாவது முறை வெளியே போனவர் கூப்பிட்டபோது வரவில்லை. எட்டிப் பார்த்தால், தூரத்துப் புதரில் ஒரு வால் மறைகிறது.

காடே வெடி போட்டது. சந்தியாகு கேட்டுக்கு அந்தப்பக்கம் போய், முதல்முறையாக அங்கே நின்று, ஒரு வாய் புல் தின்றான். மதலேனம்மாள் தூக்க முடியாமல் அவனைத் தூக்கி, இந்தக் குட்டித் தலைக்குள்தான் இத்தனை மூளை இருந்திருக்கிறது, செபஸ்தியானைக் குழுவில் போட்டது இவன் யோசனைதானே என்று ஊரெல்லாம் சொன்னாள். சந்தியாகுவும் வெட்கப்பட்டுக்கொண்டே ஆமாம் என்றான்.

ஆமாம் என்றதும் மிக்கேல்பிச்சை எழுந்தார். செயலாளர் பதவி காலியாக இருப்பதையும், இவ்வளவு பெரிய யோசனைக்காரர் கையோடு கிடைத்திருப்பதையும் நினைவுபடுத்தினார். மதலேனம்மாள் வழிமொழிந்தாள். மணிக்கூண்டுக்கு ஒன்பது வருடம் யோசித்த சாமியார் ஒரே மூச்சில், ஆலோசனையை ஏற்கிறேன் என்றார். சந்தியாகு வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "ஆகட்டும்" என்று வந்தது. அதற்குள் பொன்னாடை விழுந்துவிட்டது. கையில் அடுத்த வருட நோட்டீஸ். நூற்று முப்பத்திரண்டு பேர்.

ஒன்றரை வாரம் தாங்கினான். பிறகு ஓடினான். பொன்னாடை காற்றில் படபடக்க மூன்று நாள் ஓடி, பங்கே இல்லாத பக்கத்துக் காட்டை அடைந்தான். அங்கே ஒரு பாறைமேல் செபஸ்தியான் படுத்திருந்தார். தொந்தி வைத்திருந்தது. புள்ளிகள் பழையபடி தள்ளித் தள்ளி நின்றன.

"அண்ணே, என்னைச் சாப்பிட்டுருங்க. இப்பவே."

செபஸ்தியான் ஆவலோடு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"தோள்ல என்னடா அது?"

"பொன்னாடைண்ணே."

"எதுக்குப் போட்டாங்க?"

"செயலாளர் ஆக்கிட்டாங்க."

செபஸ்தியான் பாறையிலிருந்து மரத்துக்குத் தாவியதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். உச்சிக்கிளையைக் கட்டிக்கொண்டு கத்தினார்: "செயலாளரைத் தின்னா தின்னவன்தான் செயலாளர்னு நீதானடா சட்டம் பேசின? போயிரு ராசா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒரு வாய்ண்ணே. பின்னங்காலாவது."

"பட்டினி கிடந்து சாவேன், உன்னைத் தொட மாட்டேன்."

மேலே சிறுத்தை நடுங்குகிறது. கீழே சருகுமான் மரத்தை முட்டி முட்டிக் கெஞ்சுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். கிழக்கே புதருக்குள் முள் உரசும் சத்தம். கையில் கூட்ட அறிவிப்போடு துணைத்தலைவர் வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நகர்ந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, அதுவரை மரமே ஏறியிராத சருகுமான் மரமேறியது.

நீதி: உன்னைத் தின்ன வருகிறவரை உடனே ஆலோசனைக் குழுவில் சேர்த்துவிடு, இது யாருடைய யோசனை என்று கேட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டு.