வாய் திறக்காத சாட்சி

கிளினிக் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட டோக்கன் சார், வழக்கம்போல முதலில் மீன் தொட்டியைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சின்ன டாக்டர் மல்லாந்து கிடந்தார்.

சின்ன டாக்டர் என்பது ஓர் இறால். சிவப்பு முதுகு, நடுவே வெள்ளைக் கோடு, நீளமான வெள்ளை மீசை. தொட்டியில் இருக்கும் மீன்கள் அதன் முன்னால் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அது உள்ளே காலை விட்டுச் சுத்தம் செய்து அனுப்பிவைக்கும். பல் டாக்டரம்மா அதை வாங்கியதே அதற்காகத்தான். "இந்த கிளினிக்ல ரெண்டு டாக்டர். பயந்துக்கிட்டு வர்றவங்க முதல்ல அவரைப் பாக்கட்டும், அப்புறம் என்னைப் பாக்கட்டும்" என்பார்.

அந்தத் தொட்டி ஒன்றும் லேசில் வந்துவிடவில்லை. கல்லையும் மணலையும் போட்டு, உப்பைக் கரைத்து ஊற்றி, மாதக்கணக்கில் வெறும் தண்ணீரையே வைத்திருந்தார் டாக்டரம்மா. "மீன் எங்கேங்க?" என்று கேட்ட நோயாளிகளிடமெல்லாம் "தண்ணி இன்னும் பக்குவப்படணுமாம்" என்று சொல்லிச் சொல்லி டோக்கன் சாருக்கு வாய் வலித்துப்போனது. பிறகு நத்தை வந்தது, பவளம் வந்தது, ஆரஞ்சு மீன் ஜோடி வந்தது. எல்லாம் பிழைத்துக்கொண்ட பிறகு, கடைசியாகத்தான் இறால்.

டோக்கன் சாருக்குப் பயம் கூடப்பிறந்தது. இதற்கு முன்னால் பார்த்த வேலைகளெல்லாம் பயத்தாலேயே போயின. ஓர் ஆபீசில் ஃபைல் தொலைந்துவிடுமோ என்று பயந்து வீட்டுக்கு எடுத்துப் போய், வழியில் தொலைத்தார். அப்படிப்பட்டவரை வாசலில் உட்கார்த்தி டோக்கன் கொடுக்க வைத்தவர் டாக்டரம்மா. வெளியூர் கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"டோக்கன், வேற எது போனாலும் பரவாயில்லை. அந்த இறாலுக்கு ஏதாவது ஆச்சு, உங்க நாற்காலியில வேற ஆளைத்தான் உட்கார வைக்கணும்."

டாக்டரம்மா இன்று காலை திரும்பி வருகிறார்.

நேற்று சாயங்காலம் செய்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. தொட்டியில் தண்ணீர் வற்றியிருந்தது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும்; அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மேஜைக்கு அடியில் இரண்டு கேன்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். எதை எடுத்து ஊற்றினோம்? எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

"கொன்னுட்டேனே! பாவி, நான்தான் கொன்னுட்டேன்!"

முதலில் பிணத்தை அப்புறப்படுத்த வேண்டும். பல் பிடுங்கும் தட்டிலிருந்து நீளமான இடுக்கியை எடுத்து, இறாலை மெல்லத் தூக்கினார். மீசை, கால், வால் எல்லாம் அப்படியே இருந்தன. கனமே இல்லை. ஒரே ராத்திரியில் இப்படி வற்றிப்போய்விட்டதே என்று நொந்துகொண்டார். பஞ்சில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

வாசலில் ஒரு கறுப்புக் கோட்டு நின்றது.

வக்கீல். தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரை ஒரு துண்டைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார். கண் இரண்டும் டோக்கன் சாரின் சட்டைப் பையிலேயே இருந்தன. பின்னால் நின்ற டிரைவர் விஷயத்தைச் சொன்னார்.

"சாருக்கு நேத்து கோர்ட்டுல பேசப் பேசத் தாடை பிடிச்சுக்கிச்சுங்க. வாயைத் திறக்கவே முடியலை. உட்கார வச்சுக்கோங்க. போன் என்கிட்டதான் இருக்கு. கட்சிக்காரங்க கூப்பிட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

டிரைவர் போய்விட்டார். பார்த்தது யாரோ ஒருவர் என்றால் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம். வக்கீல் அல்லவா கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்!

"ஒண்ணுமில்லைங்க சார். குப்பை."

"ம்ம்ம்!" என்றார் வக்கீல், தலையை வேகமாக ஆட்டி.

"குப்பைதான் சார்."

"ம்ம்ம் ம்ம்ம்!"

குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று டோக்கன் சாருக்குப் புரிந்துபோனது. அவர் பார்வைக்குத் தப்பி, தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். உப்புக் கரித்தது. கடல் தண்ணீர் பின்னே இனிக்கவா செய்யும்? ஆனால் பயத்தில் இருப்பவருக்கு அது எங்கே தோன்றப்போகிறது? உப்பைக் குறைக்க நல்ல தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார். தொட்டி நிரம்பி, தரையெல்லாம் வழிந்து, வக்கீலின் செருப்பை நனைத்தது. வக்கீல் கால் இரண்டையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து, தெருமுனை மீன் கடைக்குப் போன் போட்டார்.

"சிவப்பும் வெள்ளையுமா ஓர் இறால் வேணும். உடனே வேணும்."

கடைக்காரர் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். உள்ளே இருந்தது சிவப்பும் வெள்ளையும்தான். ஆனால் கோடுகள் குறுக்கே ஓடின. முன்னால் பெரிதாக இரண்டு கொடுக்குகள்.

"நீங்க கேட்ட ரகம் இல்லீங்க. தூரத்துலேருந்து பார்த்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும். கொஞ்சம் முரடன். இன்னோர் இறாலைக் கண்டா கிழிச்சுப் போட்டுடுவான். தனியா இருந்தாத்தான் நல்லது."

"தனியாத்தான்யா இருக்கப் போறான்" என்று சொல்லும்போது டோக்கன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியைப் பழக்கி விடுங்க."

கடைக்காரர் தலை மறைந்ததும் பையை அப்படியே கவிழ்த்தார். முரடன் கொடுக்கை உயர்த்திக்கொண்டு இறங்கினான். ஆரஞ்சு மீன்கள் அலறியடித்துக்கொண்டு மூலைக்கு ஓடின.

அப்போதுதான் வக்கீலுக்கு வெறி பிடித்தது. துள்ளி எழுந்தார். தொட்டியைக் காட்டினார். டோக்கன் சாரின் சட்டைப் பையைக் காட்டினார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் விசிறி எறிந்துவிட்டு, கல்லுக்குப் பின்னால் இருந்த இடுக்கைக் காட்டினார்.

'கோட்டைக் கழட்டிட்டாரே, அடிக்கத்தான் போறார்' என்று டோக்கன் சார் மேஜைக்குப் பின்னால் பதுங்கினார். அடி விழவில்லை. வக்கீல் கோட்டை மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஓ, புழுக்கமா சார்? முதல்லயே சொல்லக் கூடாதா?"

ஏ.சி.யைக் கூட்டினார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு சட்டையையும் கழற்றினார். டோக்கன் சார் இன்னும் கூட்டினார். பனியனோடு நின்ற வக்கீலுக்கு உடம்பு உதறியது. தாடை பூட்டியிருந்ததால் பல் அடித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

காற்றில் எழுதிக் காட்டி, பேனா கேட்டார் வக்கீல்.

எழுத்து மூலம் புகாரா! டோக்கன் சார் மேஜைமேல் இருந்த பேனாக்களை ஒன்றுவிடாமல் அள்ளி டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"பேனாவே கிடையாதுங்க சார். இங்க எல்லாம் வாய் வார்த்தைதான். டாக்டரம்மாவும் இன்னைக்கு வர மாட்டாங்க. நீங்க வேற கிளினிக்..."

"யாரு வர மாட்டாங்க?"

டாக்டரம்மா பெட்டியோடு வாசலில் நின்றார். டோக்கன் சார் பாய்ந்து போய்த் தன் தோளில் கிடந்த துண்டைத் தொட்டிமேல் போர்த்தினார்.

"சின்ன டாக்டர் தூங்கறார் மேடம்."

"அது சரி, வக்கீல் ஏன் பனியனோட நிக்கறார்?"

"புழுக்கமாம் மேடம்."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நர்ஸ் இன்னும் வரலையே. நீங்களே வந்து டார்ச்சைப் பிடிங்க" என்று சொல்லி, வக்கீலை உள்ளே அழைத்துப் போனார்.

டோக்கன் சாருக்கு உயிர் உயிராக இல்லை. இதுவரை காப்பாற்றியது அந்தப் பூட்டிய தாடை ஒன்றுதான். வாயைத் திறக்க வைப்பதோ டாக்டரம்மாவின் தொழில். ஊசி போட்டாயிற்று. இரண்டு கட்டைவிரலும் வக்கீலின் தாடையில் உட்கார்ந்துவிட்டன.

"ரொம்ப இறுகிப்போயிருக்கு மேடம். இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"டார்ச்சை ஆட்டாதீங்க. இதோ, இளகுது."

வக்கீலின் கண்கள் டோக்கன் சாரையே பார்த்தன. இனி ஒளிய இடமில்லை. எப்படியும் போகப்போகிற நாற்காலி; அவர் வாயால் போவதைவிட நம் வாயாலேயே போகட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக, டோக்கன் சார் பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்தார். சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து, தட்டில் வைத்துப் பிரித்தார்.

"மேடம், சின்ன டாக்டர் போயிட்டார். நான்தான் தப்பான தண்ணியை ஊத்திக் கொன்னுட்டேன். வெளிய இருக்கிறது வேற இறால். என்னை மன்னிச்சிடுங்க."

டாக்டரம்மாவின் கை அதிர்ந்தது. டக்கென்று ஒரு சத்தம். வக்கீலின் வாய் திறந்துகொண்டது.

"அது பிணம் இல்லைங்க டாக்டர், வெறும் ஓடு! எங்க வீட்டு இறாலும் வளர வளர இப்படித்தான் உரிச்சுப் போட்டுட்டு, புது ஓடு கெட்டியாகற வரைக்கும் இடுக்குல ஒளிஞ்சுக்கும். நான் வந்தப்பவே கல்லுக்குப் பின்னால மீசை ஆடிட்டிருந்தது. ஓடிப் போய் முதல்ல அந்த முரடனை வெளிய எடுங்க! இதைச் சொல்லத்தான் காலைலேருந்து கோட்டைக் கழட்டிக் கழட்டிக் காட்டறேன், இந்த மனுஷர் ஏ.சி.யைக் கூட்டிக்கிட்டே இருக்கார்!"