பெத்லகேமுக்குப் போன இரவு வண்டி

குழந்தை இயேசுவை ரயிலேற்றித் தொலைத்தவன் நான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாகிவிட்டது, இனி உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ரயில் கிடையாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் உண்டு. பொம்மை ரயில் ஓட்டுவது என் பித்து. (அப்போது வயது இருபத்தாறு. சின்னப் பையன் என்று தப்பிக்கவும் வழியில்லை.) அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சாக்கும் களிமண்ணும் வைத்துக் கல்வராயன் மலையை எழுப்பி, அதில் வண்டி போக ஒரு குகை குடைந்து, அந்தப் பக்கம் பெத்லகேமை வைத்தேன். எங்கள் பங்குக் கோயில் நடத்தும் கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் வருஷா வருஷம் ஆறுதல் பரிசாக எவர்சில்வர் டப்பா வாங்கி அம்மாவுக்கு அலுத்துவிட்டது. இந்த முறை முதல் பரிசு வாங்கியே தீர வேண்டும் என்று நின்றாள்.

குடிலில் குழந்தையை நள்ளிரவில்தான் வைப்பார்கள். பங்குச் சாமியார் பார்க்க வருவதோ சாயங்காலம் நாலு மணிக்கு. கூடத்துக்குள் இரவைக் கொண்டுவந்து, பன்னிரண்டு மணி வண்டியில் குழந்தையை இறக்கினால்? அம்மா தயங்கினாள். ரிஷிவந்தியத்துத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த குழந்தை இயேசு சுரூபம் அது. பத்திரமாக வந்துவிடும் என்று சத்தியம் செய்தேன்.

ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டினேன். பனிக்குச் சாம்பிராணி போட்டேன். சாமியார் உட்கார்ந்ததும் நீல பல்பை மெல்லக் குறைத்தேன். ஸ்டேஷனில் அரிசி அளவு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மலைமேல் புகை இறங்கியது. சிவப்பு சிக்னல் பச்சையானது. வெளியே வெயில் அடிப்பது எல்லாருக்கும் மறந்துபோனது. எனக்கே கொட்டாவி வந்தது. இன்று நினைத்தாலும் அந்த ஐந்து நிமிஷம் அவ்வளவு அழகு.

பஞ்சு மெத்தையில் குழந்தையோடு வண்டி குகைக்குள் போனது. விசிலடித்து வெளியே வந்து, பெத்லகேமில் கனகச்சிதமாக நின்றது. பெட்டியில் பஞ்சு மட்டும் இருந்தது.

குகையின் உயரத்தை எஞ்சினுக்குத்தான் அளந்திருந்தேன். கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கும் குழந்தைக்கு அளக்கவில்லை, பெரிய அறிவாளி.

இருட்டில் சாமியார் நிதானமாகக் கேட்டார்: "கொழந்த எங்கம்மா?"

"வந்துக்கினு இருக்குது சாமி" என்றாள் அம்மா.

நான் பதறிக் குகைக்குள் கைவிட்டேன். மலை மொத்தமாக இடிந்து பெத்லகேமின்மேல் விழுந்தது. மாடு, மேய்ப்பர்கள், மூன்று ராஜாக்கள், ஒருவரும் தப்பவில்லை. அம்மா முழங்காலிட்டுக் களிமண்ணைத் தோண்டினாள். சாமியாரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். குழந்தை முழுசாகக் கிடைத்தது. பரிசு மேலத்தெருவுக்குப் போனது. பொங்கல்வரை அம்மா என்னோடு பேசவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வருஷம் என் மனைவியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். நேரமாகிறதே, ஒரு தகவலும் இல்லையே என்று நான் வராந்தாவில் நடையாய் நடந்து புலம்பினேன். அம்மா ஜெபமாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"இன்னாத்துக்குடா பயந்துக்கினு இருக்க? அதெல்லாம் நல்லபடியா வந்துடும். வண்டிய நீ ஓட்டலியே."