நின்ற வண்டியைத் தொடாத கன்வேயர் அண்ணன்

உலகத்தில் நின்றுகொண்டிருக்கும் எந்தப் பொருளையும் கன்வேயர் அண்ணன் மதித்ததே இல்லை. நகர்ந்தால்தான் தொடுவார். அது நகராவிட்டால் இவர் நகர்வார்.

ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை கிடைத்து, இருங்காட்டுக்கோட்டையில் நான் வாடகைக்குக் குடிபோன புதிது. பக்கத்து போர்ஷன்காரர் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கும் தொட்டியிலிருந்து வாசலுக்கும் நடந்தபடியே பல் தேய்த்தார். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, நடந்தபடியே சவரம் செய்தார். பிறகு தட்டை ஏந்திக்கொண்டு, நடந்தபடியே இட்லி சாப்பிட்டார். அன்றைக்கு நான் வேலைக்கு லேட். இந்த மனுஷன் அடுத்து என்ன செய்வார் என்று பார்க்காமல் எப்படிக் கிளம்புவது?

விஷயம் இதுதான். அண்ணன் ஒரு கார் கம்பெனியில் கன்வேயர் லைனில் இருந்தார். லைனில் வண்டி நிற்காது, ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும். கூடவே நடந்து, இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் பொருத்தித் திருகாணி முடுக்கிவிட்டு, அடுத்த வண்டிக்கு ஓடி வர வேண்டும். வருஷக்கணக்காக இதே வேலை. அதில் கையும் காலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. கால் நின்றால் கையும் நின்றுவிடும்.

எனக்குச் சந்தேகம். இதெல்லாம் சும்மா பந்தாவாக இருக்குமோ? சோதித்துவிடலாம் என்று, ஸ்குரூ கழன்ற என் டேபிள் ஃபேனை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணே, இத்தக் கொஞ்சம் முடுக்கிக் குடுங்க."

"அதுக்கின்னா சார், குடுத்துடலாம். கையில தூக்கிக்கினு அப்படியே நடங்க."

நான் ஃபேனை அம்மன் சிலை போலத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி நடந்தேன். அவர் பக்கத்திலேயே வந்து முடுக்கினார். துணி காயப்போட வந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கப்புறம் நான் எதையும் சோதிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சலூன்காரர் மட்டும் என்னிடம் வருத்தப்பட்டார். "அவர இங்க கூட்டினு வராதீங்க சார். பாதி வெட்டும்போது எழுந்து நடக்கிறாரு. கத்திரியோட நான் பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போயிட்டேன்."

இப்படிப்பட்டவர் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே, ஆள் படுக்கலாம் போன்ற ஒரு பெரிய அட்டைப்பெட்டி பார்சலில் வந்தது. பாடி கிட், அதாவது காருக்குப் பந்தாவாக மாட்டுகிற பாகங்கள். முன் பம்பருக்கு அடியில் தாடி போல நீட்டிக்கொண்டு நிற்க ஒரு லிப்பு. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஒட்ட ஒவ்வொரு பட்டை. பட்டையின் ஒரு முனையில் மீன் துடுப்பு மாதிரி ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. துடுப்பு பின் சக்கரத்தின் பக்கம் வர வேண்டுமாம்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றேன்.

நடையை நிறுத்தாமல் சொன்னார். அவர் மனைவி மல்லிகாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. முடிந்ததும் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். கல்யாணத்துக்கு அண்ணன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதை, மாமியார் இன்றுவரைக்கும் எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். இந்தத் தடவை பெண்டாட்டியைச் சொந்தக் காரில் தானே கொண்டுபோய் விட வேண்டும். அதுவும் பார்த்தவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரியான காரில். மாமியாரும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். ஒழுங்கான வண்டியாக இருந்தால் மாப்பிள்ளையோடு போகலாம். இல்லையென்றால் அவர் மகன் வேன் கொண்டுவந்து தங்கச்சியை ஏற்றிக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரின் முன்னால் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். 

"வண்டி நிக்குது சார். கை வர மாட்டேங்குது."

மத்தியானம் விசேஷம். காம்பவுண்டில் வாழைமரம்கூடக் கட்டியாகிவிட்டது. வேறு வழி? நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து எங்கள் காம்பவுண்டிலேயே குடியிருந்த பாண்டி பின்னால் நின்று தள்ளினான்.

"வேகம் ஜாஸ்தி தம்பி. நம்ம லைன் ஸ்பீடு இது இல்ல."

"என்னண்ணே, எங்க ஊருத் தேரு கூட இம்புட்டு மெதுவா போகாதுண்ணே!"

வண்டி ஊர ஊர அண்ணன் கையில் உயிர் வந்துவிட்டது. தெருமுனை வேகத்தடையைத் தொடுவதற்குள் இடது பக்கப் பட்டை, கம்பெனியில் செய்ததுபோல உட்கார்ந்துவிட்டது. வண்டியை வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும், லிப்புக்கு மல்லிகாவின் சக்கரம் வைத்த கேஸ் சிலிண்டர் ஸ்டாண்டை எடுத்துவந்து, அதன்மேல் உட்கார்ந்து, வண்டி முன்னால் வர வர இவர் பின்னால் உருண்டபடியே மாட்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

வலது பக்கம் வந்ததும் மறுபடியும் கை நின்றுவிட்டது.

"ரைட்டு என் ஸ்டேஷன் இல்ல சார், லைன்ல என் எடம் லெஃப்ட்டுதான். எனக்கு வண்டி எப்பவும் எடது கைப்பக்கமாத்தான் போவும்."

ஆளுக்கொரு யோசனை சொல்லிப் பார்த்தோம். வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மல்லிகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் ஒரு கம்பெனி லைனில் நின்றவர்தான்.

"இதுக்கா இம்மாம் யோசன? வண்டியப் பின்னாடி தள்ளுங்க. அந்தப் பக்கம் நின்னா உங்களுக்கு எடது கைப்பக்கமாத்தானே போவும்?"

 பாண்டி முன்னால் வந்து தள்ள, வண்டி பின்னோக்கி ஊர, அண்ணன் சொக்கிப்போய் வேலை பார்த்தார். கை பழகிய வேகத்தில் பசை ஒட்டி, திருகாணிகள் எல்லாம் முடுக்கி, பெருமையாகத் தள்ளிப்போய் நடந்தபடியே பார்த்தார்.

துடுப்பு முன் சக்கரத்தின் பக்கம் இருந்தது. வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் முன்பக்கம் என்று கை நினைத்துவிட்டது. இடது பக்கத்திலிருந்து பார்த்தால் கார் வாலாஜாபாத் போகிறது. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் போய்விட்டுத் திரும்பி வருகிறது.

பிரிக்கலாம் என்றால் பசை இறுகிவிட்டது. சீர்வரிசைத் தட்டுகளோடு மாமியாரும் வந்து இறங்கிவிட்டார். பின்னாலேயே மகனின் வேன்.

வளைகாப்பு முடிகிறவரைக்கும் அண்ணன் காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அன்றைக்கு நடந்த நடைக்கு அவர் வாலாஜாபாத்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். கையில் சந்தனமும் காய்ந்துபோயிருந்தது. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கிளம்பும் நேரம். மாமியார் காரை இடது பக்கம் பார்த்துத் தலையாட்டினார். வலது பக்கம் போனார்.

"இன்னா மாப்ள, இது எந்தப் பக்கம் போவும்?"

சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனன் வேன் கதவைத் திறந்தான். அண்ணன் நடையை நிறுத்திவிட்டார். அவர் சும்மா நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மல்லிகா இரண்டு கை நிறைய வளையல் குலுங்க வந்தார். வேனைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போனா இன்னாம்மா? ஓட்றது என் வூட்டுக்காரருதானே?" என்று சொல்லிவிட்டு, காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மைத்துனன் வேன் கதவை மூடினான். கார் கிளம்பியது. தெருமுனை வரைக்கும் நாங்களும் கூடவே போனோம், கோவில் சாமி புறப்பாட்டுக்குப் போவது மாதிரி. அங்கே வேகத்தடை. காலையில் அதைத் தாண்டாமலே திரும்பிவிட்டதால் யாருக்கும் உறைக்கவில்லை. லிப்பு தரையோடு தரையாக இருந்தது. ஏற்றினால் இடிக்கும், வண்டி குலுங்கும்.

அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தார். உள்ளே மல்லிகாவைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

எங்களுக்குத்தான் தெரியுமே. பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். "அண்ணே, மெதுவாத் தள்ளவா?"

"தள்ளாத!" அண்ணன் போட்ட சத்தத்தில் பாண்டி கையை எடுத்துவிட்டான். "உள்ள அவ கீறா. வண்டி நிக்கட்டும்."

பட்டு வேட்டியோடு நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.  முதல் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு தடவை வழுக்கியது. பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. கார் நின்றுகொண்டிருந்தது, அவரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை, ஆனால் கை வேலை செய்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, அவ்வளவு ஆசையாக வாங்கிய லிப்பைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"வெச்சிருங்க சார்" என்றார். கார் வேகத்தடை மேல் பூப்போல ஏறி இறங்கிப் போயிற்று.

நான் வீடு மாறி வந்த பிறகும் அந்த லிப்பு என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஒரகடம் பக்கம் போகும்போதெல்லாம் பழைய வெள்ளைக் கார் ஏதாவது எதிரே வந்தால் அதன் வலது பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். வாழ்க்கை முழுக்க நடந்தவர்தான். ஆனால் எப்போது நினைத்துக்கொண்டாலும், நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிற அண்ணன்தான் கண்ணுக்குள் வருகிறார்.